என் வண்டி ஒழுகாது

நான் ஒரு சபதம் எடுத்திருந்தேன். உடம்பில் உயிர் இருக்கிறவரை என் டிராக்டர் இஞ்சினில் எந்த மெக்கானிக்கின் கையும் படக்கூடாது. வாய்க்குள் முணுமுணுத்த சபதம் இல்லை இது. கொட்டகை நடுவில் நின்று, ஸ்பானரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, என் வீட்டுக்காரி கேட்க, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்க, முற்றத்துக் கோழிகள் கேட்கச் சொன்னது. கோழிகள்தான் கடைசிவரை நின்று கேட்டன.

காரணம் இல்லாமல் இல்லை. கடைசியாக வந்த மெக்கானிக் என் இஞ்சினைப் பார்த்ததும் 'ச்சு' கொட்டினான். டீசல் இஞ்சின் ஐயா அது. எத்தனை பேர் வயலை உழுது போட்ட இஞ்சின். அங்கேயே கையைக் கழுவச் சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டிக்கு வயசாகிவிட்டது, உண்மைதான். எனக்கும்தான் ஆகிவிட்டது. அதற்காக என்னைப் பார்த்து யாராவது 'ச்சு' கொட்டுகிறார்களா? என் வீட்டுக்காரியைத் தவிர?

இந்த நிலைமையில்தான் வண்டி ஒழுக ஆரம்பித்தது.

வீட்டைப் பொறுத்தவரை அது ஒழுகவில்லை. அதில் நான் உறுதியாக இருந்தேன். இஞ்சினுக்கு அடியில் தரை ஈரமாக இருக்கிறதே என்று அவள் கேட்டபோது, பனி என்றேன். கொட்டகைக்குள் எப்படிப் பனி பெய்யும் என்றாள். அப்படியானால் நாய் என்றேன். நம்மிடம்தான் நாய் இல்லையே என்றாள். நாய் இல்லாத வீட்டில்தான் ஊர் நாய் தைரியமாக வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் ஈரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து வைத்தியம் ரகசியமாக நடந்தது. ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் கரியைப் பூசி மறைத்தேன். ரேடியேட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருந்தன. முட்டையை உடைத்து உள்ளே ஊற்றினால் சூட்டில் வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று எவனோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சமையலறையிலிருந்து முட்டை நடையைக் கட்டத் தொடங்கியது. முட்டை எங்கே என்று அவள் கேட்டால் நான் தின்றேன் என்பேன். உடம்புக்கு ஆகாது என்று எனக்கு முட்டையையே நிறுத்திவிட்டாள். ஆக, வண்டி முட்டை சாப்பிட்டது, நான் வெறும் ரொட்டியை மென்றேன்.

அடுத்தது தண்ணீர் பம்பு. ரேடியேட்டர் தண்ணீரை இஞ்சினுக்குள் சுற்ற வைப்பது அதுதான். பம்புக்கு அடியில் ஒரு குட்டி ஓட்டை. அதிலிருந்து சொட்டுச் சொட்டென்று வந்தது. செய்தவன் அடைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது, நம் கையால் அடைப்போம் என்று, பிசைந்து ஒட்டுகிற பசையை உருட்டி வைத்து அழுத்தினேன். சொட்டு நின்றது. என் தோளை நானே தட்டிக்கொண்டேன். பம்புக்குள் இருக்கிற சீல் கெட்டுப்போனால் வெளியே சொல்வதற்கென்றே வைத்த ஓட்டை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. சேதி சொல்ல வந்தவனின் வாயைப் பொத்திவிட்டேன்.

தெர்மோஸ்டாட்டையும் பிடுங்கி எறிந்தேன். இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து நிறுத்துகிற கதவு அது. தண்ணீருக்கு எதற்குக் கதவு, தாராளமாகப் போகட்டுமே என்பது என் கட்சி. அன்றுமுதல் வண்டி காலையில் வெள்ளைப் புகையாகக் கக்கியது, டீசலைக் குடித்தது, மேட்டில் ஏறச் சொன்னால் முனகியது. வேலை இல்லாமல் சும்மா நின்றால் இஞ்சின் சூடே ஆகாது. கலப்பையை ஆழமாக இறக்கினால் இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் கொதித்துவிடும்.

அப்படித்தான் ஒரு நாள் இன்னொருவர் வயலின் நடுவில் கொதித்தது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஆவி பொங்கி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோனது. வீட்டில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வளைய வந்தேன். புழுக்கத்தில் எதற்கு முழுக்கை என்றாள். இதுதான் இப்போது எல்லாரும் போடுகிறார்கள் என்றேன்.

உழவு சூடு பிடிக்கப் போகிற நேரம் அது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் என் வண்டியைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். வண்டி படுத்தால் அவர்கள் விதைப்பும் படுத்துவிடும், எங்கள் பிழைப்பும் படுத்துவிடும். ராத்திரி படுத்தால் எனக்குக் கனவில்கூட இஞ்சின் சூட்டைக் காட்டுகிற கேஜ் முள் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு நாள் காலையில் அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தால் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம்.

"ஏங்க, வண்டி ஒழுகுதா?"

"இல்ல."

"சூடு ஏறுதா?"

"எங்க ஏறுது? முள்ளு தூங்குது."

"இழுவை கொறைஞ்சிருக்கா?"

"வீட்டைக் கட்டிவிடு, இழுத்துக்கிட்டுப் போகும்."

"அப்ப ஒரு குறையும் இல்ல?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்ப வித்துடலாம்."

பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். அவள் ரொம்ப நிதானமாக விளக்கினாள். பழைய வண்டி, நல்லபடியாக இருக்கும்போதே கொடுத்தால்தான் மதிப்பு. நாளைக்கு ஒழுக ஆரம்பித்தால் எவன் வாங்குவான்? பக்கத்து ஊரில் ஓர் ஆளுக்குச் சொல்லிவிட்டிருக்கிறாளாம். இன்றைக்கே வருகிறாராம். உழவுக்கு வேறு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொள்ளலாமாம்.

அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள். அந்த வண்டி போய்விட்டால் நான் யார்? வாடகை வண்டிக்கு டிரைவர். வண்டி ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் விற்பனை நின்றுவிடும். ஆனால் இத்தனை நாளாக ஒழுகாத வண்டி இன்றைக்கு எப்படி ஒழுகும்? தொண்டைவரை வந்தது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன். வருகிறவனிடம் தனியாகச் சொல்லி ஓட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

வந்தான். வெள்ளைச்சட்டை, தோளில் ஒரு கனமான பை, கம்மியான பேச்சு. வந்தவன் விலையே கேட்கவில்லை. விலை கேட்காத ஆள் என்றால் வாங்காமல் போகமாட்டான் என்று எனக்குப் பட்டது. அவன் வண்டியைச் சுற்றினான். குனிந்து தரையைத் தடவினான். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தான். ஹோஸ்மேல் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். விரலில் கரி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றான்.

என் வண்டியை எனக்குத் தெரியும். காலையில் மூன்று தடவையாவது மக்கர் பண்ணாமல் எழுந்திருக்காது. இன்றைக்கு ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. வேலிமேல் வாத்தியாரின் தலை முளைத்தது. விற்கப் போகிறோம் என்பதை அவள் அவரிடமும் சொல்லியிருக்கிறாள். மனுஷன் எனக்கு உதவி செய்கிறாராம். இந்த மாதிரி இஞ்சின் இந்த வட்டாரத்திலேயே இல்லை, சத்தத்தைக் கேட்டாலே தூக்கம் வரும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் வாயையும் அந்தப் பசையால் அடைத்திருக்கலாம்.

முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. எப்படி அசையும், தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின், கொட்டகையில் சும்மா நிற்கிறது. தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நான் அடைத்த அடைப்பு அப்படி. வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை. சொட்டு, சொட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆக்சிலேட்டரை மிதித்து உறும வைத்தேன். தோட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். இறங்கும்போது எனக்குத்தான் வேர்த்து ஊற்றியது. வண்டி வேர்க்கவே இல்லை.

வெள்ளைச்சட்டை தலையை ஆட்டினான். நல்லா இருக்கே என்றான். என் வீட்டுக்காரி, இவர் எப்பவும் அப்படித்தான் சொல்வார், ஒரு குறையும் இல்லைன்னு, என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

இதுதான் சமயம். வாத்தியாரும் வேலிப்பக்கம் இல்லை. நான் அவன் காதருகே போய், தம்பி, இது ஒழுகும் என்றேன். அவன் ஊருக்கே கேட்கிற குரலில், ஒழுகுமா, எங்க ஒழுகுது, காஞ்சு கெடக்கே என்றான். அவள் டீயோடு வந்து நின்றாள். யார் ஒழுகுதுன்னு சொன்னது என்றாள். டீ கிளாஸைச் சொன்னேன் என்றேன். அவள் கிளாஸைத் தூக்கி அடியில் பார்த்தாள். துளி ஈரம் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவன் நிதானமாக டீ குடித்தான். குடித்துவிட்டு, வண்டி எனக்குப் பிடிச்சுப் போச்சு, இப்பவே ஓட்டிக்கிட்டுப் போயிடறேன், சாவியைக் குடுங்க என்றான். நான் இறங்கி வந்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை அவள் எடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் கையை நீட்டினான். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"என் வண்டி ஒழுகும்" என்றேன்.

சொன்னது என் குரல்தான். என்னாலேயே நம்ப முடியவில்லை. கோழிகள்கூடக் கொத்துவதை நிறுத்திவிட்டன.

அவள் சாவியை நீட்டின கையை மடக்கவில்லை. வெள்ளைச்சட்டை சிரித்தான். விக்க மனசில்லாம சொல்றீங்க சார், காட்டுங்க, கண்ணால பாத்தாத்தான் நம்புவேன் என்றான். வந்துவிட்டதே எனக்கு ரோஷம். நான் சொல்வது பொய்யா? ஸ்பானரை எடுத்தேன்.

இஞ்சின் இன்னும் கொஞ்சம் ஆறட்டும் சார் என்று அவனே தடுத்தான். இவ்வளவு பக்குவமாக ஒரு வியாபாரி பேசுவானா என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு இருந்த ஒரே யோசனை, சாவி அந்தக் கைக்குப் போகக்கூடாது.

ஆறியதும் ஆரம்பித்தேன். ஹோஸைச் சுற்றியிருந்த சைக்கிள் ட்யூபை அவிழ்த்தேன். ஹோஸ் வாயைப் பிளந்தது. இது ஒண்ணு என்றேன். அவன் தலையை ஆட்டி, ஹோஸ் மாத்திட்டா சரியாப் போச்சு, நான் எடுத்துக்கறேன் என்றான். விடுவேனா? ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டேன். துரு நிறத்தில் தண்ணீர், அதில் வெந்த முட்டை துண்டு துண்டாக மிதந்து வந்தது. அவள் குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"தின்னேன்னு சொன்னீங்களே" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. வெள்ளைச்சட்டை இன்னும் அசையவில்லை. ரேடியேட்டரைக் கழுவிக்கலாம், பரவாயில்ல என்கிறான். தெர்மோஸ்டாட் கிடையாது என்றேன். போட்டுக்கலாம் என்றான். ஏர் ஃபில்டரைத் திறந்து உள்ளே இருந்த சேற்றைக் காட்டினேன், இந்த இஞ்சின் மூச்சே விடாது தம்பி, இழுவையே இல்லை, மேட்டைப் பார்த்தால் அழும் என்றேன். கழுவி ஆயில் மாத்தினாப் போதும் என்றான். என்னடா இது, எதைச் சொன்னாலும் வாங்குகிறேன் என்கிறானே என்று எனக்குத் தலை சுற்றியது.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். பெல்ட்டைத் தளர்த்தினேன். ஃபேனைக் கழற்றினேன். போல்ட்டுகளைத் திருகி, பம்பையே பெயர்த்து எடுத்து அவன் கையில் வைத்தேன். பசை அடைப்பை உளியால் தட்டி எடுத்து ஓட்டையைக் காட்டினேன்.

"பாருங்க. இதுல சொட்டிச்சு. நான்தான் அடைச்சேன். இப்படிப்பட்ட ஆளோட வண்டியை வாங்குவீங்களா?"

அவன் பம்பின் அச்சைப் பிடித்து ஆட்டினான். அது இப்படியும் அப்படியும் ஆடியது. சுற்றினான். கரகரவென்று மணலை அரைக்கிற சத்தம். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. முதல் தடவையாக என்னிடம் இல்லாமல் அவளிடம் பேசினான்.

ஓட்டையை அடைத்ததால் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பேரிங்குக்குள் போய்விட்டது, கிரீஸ் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது என்றான். ஃபேன் இந்த அச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. உழவு வேகத்தில் இது முறிந்தால் ஃபேன் பறந்துபோய் ரேடியேட்டரைக் கிழிக்கும். பக்கத்தில் ஆள் குனிந்துகொண்டிருந்தால் அவ்வளவுதான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் சட்டைக் கையைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். பட்டனைக் கழற்றி, முழங்கைவரை சுருட்டிவிட்டாள்.

"வெந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? தெனம் சட்டையைத் துவைக்கிறவ நான்தானே. மருந்துக் கறை போகவே மாட்டேங்குது. கேட்டா நாய், பனின்னு கதை. நீங்க வயலுக்குப் போயிட்டு வர்றவரைக்கும் நான் வாசல்லயே நிக்கிறேன், தெரியுமா உங்களுக்கு?"

அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, வித்துடு, வண்டி போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே சொன்னேன்.

வெள்ளைச்சட்டை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்தச் சாமானை எடுத்துட்டு வாங்க. அண்ணனே எல்லாத்தையும் கழட்டிட்டார். எனக்குப் பாதி வேலை மிச்சம்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். உள்ளே ஆயில் கறை படிந்த பனியன். பையைத் திறந்தான். ஸ்பானர் ஸ்பானராக வெளியே வந்தது. அவள் சமையலறைக்குள் போய் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுப் பம்பு, புது ஹோஸ், தெர்மோஸ்டாட், கேஸ்கட். எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. முட்டை காணாமல் போவது, வெள்ளைப் புகை, வண்டி திரும்பி வரும்போது பம்பு போடும் ஊளை, எல்லாவற்றையும் அவள் போய்ச் சொல்ல, அவன் இன்னது இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்க வைத்திருக்கிறான்.

"நீங்க... வாங்க வரலியா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு சார் டிராக்டர்? நான் மெக்கானிக்."

நான் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எந்த மெக்கானிக்கையும் கிட்டே விடாதவன், மெக்கானிக்குக்கு முன்னால் பம்பைக் கழற்றிக் கையில் கொடுத்து, பார் பார் என்று கெஞ்சியிருக்கிறேன்.

அவன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தான். ரேடியேட்டரைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டு அலசினான். முட்டை வந்துகொண்டே இருந்தது. கம்பிக்கு நடுவில் அடைந்திருந்த வைக்கோல் தூசியை ஊதித் தள்ளினான். பம்பை மாட்டும்போது அந்தக் குட்டி ஓட்டை அடியில் இருக்கும்படி வைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். இது எப்ப சொட்டினாலும் அடைக்காதீங்க சார், சொல்லி அனுப்புங்க என்றான். தலையை ஆட்டினேன். ஏர் ஃபில்டரைக் கழுவிப் புது ஆயில் ஊற்றினான்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு வண்டியை எடுத்தோம். பின்பக்கத்து மேட்டு நிலத்தில் கலப்பையை இறக்கினேன். முள் மெல்ல ஏறியது. பாதிக்கு வந்தது. அங்கேயே நின்றது. கலப்பையை இன்னும் ஆழமாக இறக்கினேன். முள் அசையவில்லை. மேட்டில் முனகிக்கொண்டு ஏறுகிற வண்டி அதே மேட்டில் என்னை இழுத்துக்கொண்டு ஏறியது. புகை இல்லை, சொட்டு இல்லை, ஊளை இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அந்த இஞ்சின் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி எனக்குக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. இறங்கும்போது, என்ன கண்ணெல்லாம் என்றாள். புகை என்றேன். எங்க புகை என்றாள்.

வெள்ளைச்சட்டை பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். அந்த நேரம் பார்த்து வேலிமேல் வாத்தியார் தலை திரும்பவும் முளைத்தது. அவருக்கு விஷயம் எட்டியிருந்தது.

என்ன சார், மெக்கானிக் கையே படாதுன்னு ஸ்பானரைத் தூக்கிச் சபதம் எல்லாம் எடுத்தீங்க என்று ஆரம்பித்தார். தெருவில் போகிற ரெண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஏமாந்தேன் என்று எந்த ஆண்பிள்ளை வேலியோரத்தில் ஒத்துக்கொள்வான்? நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அவர் உள்ள வரும்போதே எனக்குத் தெரியும் வாத்தியாரே, மெக்கானிக்னு. பையைப் பாத்தாலே தெரியாதா? நானாத்தான் இடம் குடுத்தேன். எல்லாம் தெரிஞ்சேதான் கழட்டிக் குடுத்தேன்."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினேன். அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, வாசலைத் தாண்டப் போன மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நில்லுங்க. இவர் சம்மதிச்சுத்தான் உங்களை வண்டியைத் தொடவிட்டாராம், வாத்தியார்கிட்ட தன் வாயாலயே சொல்லிட்டார். இனிமே வெள்ளைச்சட்டை எல்லாம் வேண்டாம், மாசாமாசம் பனியனோடவே வந்துடுங்க."